ஆறாம் வகுப்புக் கணக்கு வீட்டிலேயே: எந்தப் புத்தகத்தோடு போவது?

பொள்ளாச்சி_அம்மா
ஜூலை 6, 2025

வணக்கம். ரொம்ப நாளாகப் படித்துவிட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தேன், இன்றுதான் முதல் தடவை எழுதுகிறேன். மகளுக்குப் பதினொரு வயது. ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் டி.சி. வாங்கிவிட்டோம். காரணம் நீளமானது, இங்கே வேண்டாம். ஜூன் முதல் வீட்டில்தான் படிப்பு. தமிழும் அறிவியலும் தானாக ஓடுகின்றன. கையில் கிடைப்பதை எல்லாம் படிக்கிற பெண். கணக்கு மட்டும் நகர மாட்டேன் என்கிறது.

நான் பி.காம். கணக்கு போடப் பயமில்லை. ஆனால் அவள் "ஏன் அப்படி?" என்று கேட்டால் "அப்படித்தான் போடணும்" என்பதற்கு மேல் எனக்குப் பதில் வருவதில்லை.

வீட்டில் இருப்பவை மூன்று. சமச்சீர் ஆறாம் வகுப்பு முதல் பருவம், தமிழ் வழி. முதல் இயலான எண்களை மடமடவென்று முடித்தாள், இரண்டாவதில் நின்றுவிட்டாள். அடுத்தது மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட புதிய புத்தகம் 'கணித பிரகாஷ்', இணையத்தில் இறக்கி அச்செடுத்தேன். அதன் முதல் பாடத்தில் எண்களையும் படங்களையும் வைத்து வரிசைகள் கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள். மூன்று நாளில் ஆசையாக முடித்துவிட்டாள், ஆனால் அதில் என்ன கற்றாள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மூன்றாவது, தோழி கொடுத்த பழைய சிங்கப்பூர் புத்தகம். அதில் படம் வரைவது மட்டும் நடக்கிறது.

மூன்றையும் பாதி பாதி தொட்டு ஒரு மாதம் போய்விட்டது. தினம் ஒரு மணி நேரம் நான் கூட உட்கார முடியும். வெளிநாட்டுப் புத்தகம்தான் நல்லது என்றால் கஷ்டப்பட்டாவது வாங்கிவிடுவோம். எதை வைத்துக்கொள்வது, எதை மூடி வைப்பது?

டெக்ஸாஸ்_தேனி
ஜூலை 6, 2025

அக்கா, நாங்கள் தேனிப் பக்கம், இப்போது டெக்ஸாஸ். இரண்டு பையன்களுக்கும் வீட்டுப் படிப்புதான். இந்த மாநிலத்தில் வீட்டுப் படிப்பு பற்றி 1994இல் வந்த லீப்பர் வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு அரசிடம் பதிவு செய்ய வேண்டியதில்லை, ஆண்டுத் தேர்வும் கிடையாது. அதனால் புத்தகக் கடை மாதிரி பாடத்திட்டங்கள் குவிந்து கிடக்கும். தேர்ந்தெடுப்பதே ஒரு தலைவலி.

பெரியவனுக்கு சாக்ஸன் என்ற கணக்குப் புத்தகம். ஒரு நாளைக்கு ஒரே ஒரு சின்ன விஷயம் புதிதாக வரும். அப்புறம் முப்பது கணக்கு, அதில் பெரும்பகுதி முன்பு படித்ததிலிருந்து. எதையும் மறக்கவிடாத முறை. பெரியவன் தினம் காலையில் பல் தேய்ப்பது போலச் செய்துவிட்டு எழுந்து போய்விடுவான். அதே புத்தகத்தைச் சின்னவனிடம் கொடுத்தேன், எட்டாவது நாள் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டான். அவனுக்குத் தெரிந்ததையே திரும்பத் திரும்பப் போடுவது சிறைத்தண்டனை மாதிரி. கடைசியில் அவனுக்கு பீஸ்ட் அகாடமி வாங்கினோம். குட்டி அரக்கர்கள் கதை பேசிக்கொண்டே கணக்குச் சொல்லித்தரும் சித்திரக்கதை. அதில் ஐந்தாம் நிலையை முடித்துவிட்டு இப்போது அடுத்த புத்தகத்தில் இருக்கிறான்.

ஒரே அடுப்பு, ஒரே அம்மா, இரண்டு பிள்ளைக்கும் ஒரே புத்தகம் ஒத்துவரவில்லை. உங்கள் பெண் எந்த ரகம் என்று முதலில் பாருங்கள். கான் அகாடமி என்ற இணையதளம் இலவசம்தான், காணொளி பார்க்கலாம். ஆனால் அதை மட்டுமே நம்ப வேண்டாம். திரையில் பதில் பச்சையாக வந்தால் போதும் என்று ஊகித்து ஊகித்து அடிக்கப் பழகிவிடுவார்கள், என் பெரியவன் அப்படித்தான் ஒரு மாதம் ஓட்டினான்.

மதுரை_அப்பா
ஜூலை 7, 2025

மேடம், நேராகச் சொல்கிறேன். ஆர்ட் ஆஃப் ப்ராப்ளம் சால்விங், சுருக்கமாக ஏ.ஓ.பி.எஸ். அவர்களின் 'ப்ரீஅல்ஜீப்ரா' புத்தகத்தை வாங்குங்கள். என் பையனுக்குப் பன்னிரண்டு வயது, ஒரு வருடமாக அதில் இருக்கிறான். மற்ற புத்தகங்களில் விதி, உதாரணம், பயிற்சி என்று வரும். இதில் முதலில் கணக்கைக் கொடுத்து முட்டிமோத விட்டுவிட்டு, அதன் பிறகு விளக்குவார்கள். கழித்தல் எண்ணைக் கழித்தல் எண்ணால் பெருக்கினால் ஏன் கூட்டல் வருகிறது என்பதை முதல் அத்தியாயத்திலேயே பங்கீட்டு விதியிலிருந்து வரவழைத்துக் காட்டுகிறார்கள். உங்கள் மகள் கேட்கும் "ஏன்" எல்லாவற்றுக்கும் பதில் உண்டு. விடை விளக்கம் தனிப் புத்தகம், அதையும் சேர்த்தே வாங்குங்கள், இல்லாவிட்டால் நாம் மாட்டிக்கொள்வோம். அவர்கள் தளத்தில் அல்குமஸ் என்ற பயிற்சி இலவசம்.

சமச்சீரோ என்.சி.இ.ஆர்.டி.யோ பரீட்சைக்குப் போதும். கணக்கு வர வேண்டுமென்றால் இதுதான்.

கணக்கு_வாத்தியார்_ஓய்வு
ஜூலை 7, 2025

அம்மா, புத்தகத்தை எல்லாம் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். காய்ச்சலா வயிற்றுவலியா என்று பார்க்காமல் எந்த மாத்திரை நல்லது என்று கேட்பது போல இருக்கிறது.

தஞ்சை மாவட்டத்தில் அரசுப் பள்ளிகளில் முப்பத்தொரு வருடம் கணக்கு எடுத்தவன். ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் வாரம் பாடமே நடத்த மாட்டேன். கீழே இருக்கிற ஐந்தையும் உங்கள் மகளிடம் கொடுங்கள். பக்கத்தில் உட்காருங்கள், வாயைத் திறக்காதீர்கள். தப்பாக எழுதினாலும் முகத்தில் காட்டாதீர்கள். முடிந்த பிறகு "எப்படிப் போட்டே, சொல்லு" என்று மட்டும் கேளுங்கள்.

8 + 4 = ☐ + 5. கட்டத்தில் என்ன வரும்?

0.45, 0.6 இரண்டில் எது பெரியது?

1/2 + 1/3. விடை போடும் முன், ஒன்றைவிடக் கூட வருமா குறைய வருமா என்று சொல்லச் சொல்லுங்கள்.

7 × 18, காகிதம் இல்லாமல்.

அக்காவிடம் இருக்கும் பணம் தங்கையிடம் இருப்பதைப் போல மூன்று மடங்கு. அக்கா 40 ரூபாயைத் தங்கைக்குக் கொடுத்ததும் இருவரிடமும் சமமாகிவிட்டது. முதலில் யாரிடம் எவ்வளவு?

மதிப்பெண் போட வேண்டாம். அவள் சொன்னதை அப்படியே எழுதுங்கள், அவள் வார்த்தையிலேயே.

சும்மா_வந்தேன்
ஜூலை 7, 2025

இத்தனை ஆராய்ச்சிக்குப் பேசாமல் பக்கத்துப் பள்ளியில் சேர்த்துவிடலாமே? 2009 கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரை பள்ளிக்கு அனுப்பச் சொல்கிறது என்று நினைக்கிறேன். நாளை யாராவது வந்து கேட்டால்?

உப்புக்காற்று
ஜூலை 7, 2025

அந்தச் சட்டம் இடம் கொடுக்க வேண்டிய கடமையை அரசின் மேல் வைக்கிறது. சேர்ப்பது பெற்றோர் கடமை என்று ஒரு வரி உண்டு, அதற்குத் தண்டனைப் பிரிவு கிடையாது. தூத்துக்குடியில் என் பையன் ஏழு வருடம் வீட்டில்தான் படித்தான், யாரும் வந்து கதவைத் தட்டவில்லை. இது தனி இழைக்கான விஷயம், இங்கே கணக்கைப் பேசுவோம்.

பொள்ளாச்சி_அம்மா
ஜூலை 9, 2025

சார், செய்துவிட்டேன். வாயைத் திறக்காமல் உட்காருவதுதான் ஐந்திலும் கஷ்டமான கணக்கு.

முதலாவதில் யோசிக்காமல் 12 என்று எழுதினாள். "எட்டும் நாலும் பன்னிரண்டு, அந்த அஞ்சு எதுக்குன்னு தெரியல, அடுத்த கணக்கோடதா இருக்கும்" என்றாள்.

0.45 பெரியது, "நாப்பத்தஞ்சு ஆறைவிடப் பெருசு தானே?"

அரையும் மூன்றில் ஒன்றும்: ஒன்றைவிடக் குறைவு என்று சரியாகச் சொன்னாள். அப்புறம் எழுதும்போது 2/5. மேலே மேலே, கீழே கீழே கூட்டிவிட்டாள்.

7 × 18 நான் எதிர்பார்க்காதது. கண்ணை மூடிக்கொண்டு, "இருபது ஏழு நூத்தி நாப்பது, பதினாலு போச்சு, நூத்தி இருபத்தாறு." இதை நான் சொல்லித்தரவில்லை. அப்பாவின் மளிகைக் கடையில் உட்கார்ந்து பழகியது என்று நினைக்கிறேன்.

அக்கா தங்கை கணக்குக்குச் சிங்கப்பூர் புத்தகத்தில் இருப்பது போல அக்காவுக்கு மூன்று கட்டம், தங்கைக்கு ஒரு கட்டம் வரைந்தாள். அக்காவின் ஒரு கட்டத்தை அம்புக்குறி போட்டுத் தங்கை பக்கம் நகர்த்தினாள். "இந்தக் கட்டம் தான் நாப்பது. அக்காகிட்ட நூத்தி இருபது, தங்கச்சிகிட்ட நாப்பது." முழுசாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கஷ்டமானதைப் போடுகிறாள், சுலபமானதில் தப்பு விடுகிறாள்.

கணக்கு_வாத்தியார்_ஓய்வு
ஜூலை 9, 2025

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன், தங்கச்சி. கவலைப்பட ஒன்றுமில்லை. உங்கள் பெண்ணுக்குக் கணக்கு மூளை நன்றாகவே இருக்கிறது. இரண்டே இரண்டு இடத்தில் ஓட்டை.

முதல் ஓட்டை சமக்குறி. அவளுக்கு '=' என்றால் "விடையை இங்கே எழுது" என்று அர்த்தம். ஐந்து வருடமாக இடப்பக்கம் கணக்கு, வலப்பக்கம் விடை என்றே பார்த்தவளுக்கு வேறு எப்படித் தோன்றும்? இந்தத் தப்பை ஆண்டுதோறும் பாதி வகுப்பில் பார்த்திருக்கிறேன். சமச்சீர் புத்தகத்தில் இரண்டாவது இயலில் நின்றாள் என்றீர்களே, அந்த இயல் என்ன என்று எடுத்துப் பாருங்கள். இயற்கணிதம். அங்கே சமக்குறி என்பது தராசு, இரண்டு தட்டும் ஒரே எடை. 'விடை எழுது' என்று நினைக்கிற பிள்ளைக்கு x + 5 = 12 என்பது புரியாத பாஷை. அவள் நின்றதற்குப் புத்தகம் காரணமில்லை.

இதற்கு இரண்டு வாரம் போதும். கடையில் பழைய தட்டுத்தராசு இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் 200 கிராம் கல் இரண்டும் 50 கிராம் கல் ஒன்றும், மறு தட்டில் 100 கிராம் கல் ஒன்று வைத்து, இன்னும் என்ன வைத்தால் முள் நடுவில் நிற்கும் என்று கேளுங்கள். அதையே காகிதத்தில் எழுதச் சொல்லுங்கள். அப்புறம் 9 = 4 + 5 என்று தலைகீழாக எழுதிக் காட்டி, இது சரியா என்று கேளுங்கள். பல பிள்ளைகள் "தப்பு, மாத்தி எழுதியிருக்கு" என்பார்கள். அங்கே ஒரு சண்டை போட்டுத் தீர்த்துவிட்டால் இயற்கணிதத்தின் பாதிக் கதவு திறந்துவிடும்.

இரண்டாவது ஓட்டை பின்னம். இதற்குத்தான் நேரம் வேண்டும். ஒன்றைவிடக் குறையும் என்று வாயால் சரியாகச் சொன்னவள் கையால் 2/5 எழுதுகிறாள். அவள் வாயை நம்புங்கள், கையை நம்பாதீர்கள். அடுத்த முறை அவளிடம் ஒரே கேள்வி: "அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தோமே, 2/5 அரையைவிடப் பெருசா சின்னதா?" தானே அழிப்பாள்.

தசமத்துக்கு ரூபாய் பைசா சொல்லித்தராதீர்கள். நிறையப் பேர் அதைத்தான் செய்வார்கள். ஆனால் நாற்பத்தைந்து பைசா, அறுபது பைசா என்றதும் பிள்ளை அதை முழு எண்ணாகவே பார்க்கிறது, புள்ளியைப் பார்ப்பதே இல்லை. உங்களிடம் அதைவிட நல்ல சாமான் இருக்கிறது. கடையில் எலெக்ட்ரானிக் தராசு இருக்குமே? அரைக்கிலோவுக்கு மேல் கொஞ்சம் பருப்பு போட்டு அது 0.600 காட்டும் வரை சேர்க்கச் சொல்லுங்கள். அப்புறம் 0.450. எந்தப் பொட்டலம் கனம்? கடைசியில் இருக்கிற சைபர் ஏன் எடையை மாற்றவில்லை என்று அவளே கேட்பாள்.

கடைசியாகப் பின்ன வகுத்தல். ஆறு, ஏழாம் வகுப்பில் எல்லோரும் தடுக்கி விழும் இடம். "ரெண்டாவதைத் தலைகீழாக்கிப் பெருக்கு" என்று மந்திரம் சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். எங்கள் தாத்தா காலத்தில் எண்சுவடி என்ற பழைய வாய்பாட்டு நூல் படித்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் ஒவ்வொரு பின்னத்துக்கும் ஒரு பெயர் இருந்தது, அளக்கிற பாத்திரம் இருந்தது. எட்டில் ஒன்று அரைக்கால். ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு, ஆகவே ஆழாக்கு என்பது அரைக்கால் படி. இப்போது 3/4 ÷ 1/8 என்பதை இப்படிக் கேளுங்கள்: முக்கால் படி அரிசியில் எத்தனை ஆழாக்கு? எந்தப் பாட்டி வீட்டிலாவது ஒரு பித்தளை ஆழாக்கு தூங்கிக்கொண்டிருக்கும்.

புத்தகம் எது என்று கேட்டீர்கள். இரண்டு மாதத்துக்கு எதுவும் வேண்டாம்.

மதுரை_அப்பா
ஜூலை 10, 2025

சார் சொல்வது எல்லாம் சரி, ஆனால் ஒரு சந்தேகம். இரண்டு மாதம் பின்னால் போனால் ஆறாம் வகுப்பே தள்ளிப்போகாதா? அக்கா தங்கை கணக்கை அப்படி அனாயாசமாகப் போட்ட பெண்ணை அரிசி அளக்க உட்கார வைத்தால் சலித்துப்போகாதா? என் பையனாக இருந்தால் ஓடியே போயிருப்பான்.

கணக்கு_வாத்தியார்_ஓய்வு
ஜூலை 10, 2025

தம்பி, யாரோடு போட்டி? பள்ளியில் இருந்தால் ஜூலை முடிவில் மாதத் தேர்வு வரும், வாத்தியார் பாடத்தை ஓட்டித்தான் ஆகணும். நானே ஓட்டியிருக்கிறேன். முப்பத்தொரு வருடத்தில் நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் என்னால் செய்ய முடியாமல் போனதை இந்த அம்மா ஒரு பிள்ளைக்குச் செய்யலாம் என்றுதான் சொல்கிறேன்.

உங்கள் ஏ.ஓ.பி.எஸ். புத்தகத்தை நண்பர் ஒருவர் வீட்டில் புரட்டிப் பார்த்தேன். அருமையான புத்தகம், பொறாமையாக இருந்தது. ஆனால் பின்னம் ஆடாமல் நிற்கிற பிள்ளைக்குத்தான் அது விளையாட்டு மைதானம். ஆடுகிற பிள்ளைக்கு முட்டிமோதுவது முட்டி உடைவதில் முடியும்.

மதுரை_அப்பா
ஜூலை 10, 2025

அது உண்மை. என் பையனும் பின்னம் அத்தியாயத்தில் மூன்று வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். முதல் பதிவில் அதை எழுதாமல் விட்டுவிட்டேன்.

உப்புக்காற்று
ஜூலை 12, 2025

எல்லோரும் பாடத்தைப் பேசிவிட்டீர்கள். நான் கடைசியில் போய் நிற்கிற கதவிலிருந்து பேசுகிறேன். எந்தத் தேர்வு எழுதப்போகிறாள் என்பதைக் கொஞ்சமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இப்போதே முடிவு செய்ய வேண்டியதில்லை.

என் பையன் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனமான என்.ஐ.ஓ.எஸ். வழியில் பத்தாவது முடித்தான். பதினான்கு வயது நிறைந்திருக்க வேண்டும். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என்று ஆண்டுக்கு இரண்டு முறை பொதுத் தேர்வு. பதிவு ஐந்து வருடம் செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு. பாடம் பாடமாகப் பிரித்து எழுதலாம். அவன் கணக்கை மட்டும் கடைசிக்கு வைத்து எழுதினான். அதற்கு முன் சான்றிதழ் வேண்டுமென்றால் நம் மாநில அரசுத் தேர்வுகள் இயக்ககம் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு நடத்துகிறது, பன்னிரண்டரை வயது நிறைந்தவர்கள் எழுதலாம். அந்தப் பக்கம் போவதானால் சமச்சீர் புத்தகத்தை மூடி வைக்காதீர்கள்.

ஐ.ஜி.சி.எஸ்.இ. என்ற கேம்பிரிட்ஜின் பத்தாம் வகுப்பு நிலைத் தேர்வுக்குச் சிலர் போகிறார்கள். செலவு அதிகம். அதன் கணக்குப் பாடம் 0580, கோர் (அடிப்படை), எக்ஸ்டென்டட் (விரிவானது) என்று இரண்டு நிலை. கோர் எழுதினால் சி கிரேடுக்கு மேல் வராது. இந்த 2025 முதல் ஒரு தாள் கால்குலேட்டர் இல்லாமல் எழுத வேண்டும். உங்கள் பெண்ணின் நூற்று இருபத்தாறுக்கு அங்கே மதிப்பு.

என்னுடைய தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பையன் ஏழாம் வகுப்புப் பாடத்தில் இருந்தபோது ஒரு ஆன்லைன் கணக்கு வகுப்பில் ஒரு வருடப் பணத்தை முன்கூட்டியே கட்டினேன். விற்பவர் வீட்டுக்கே வந்து, பையன் இரண்டு வருடம் பின்தங்கியிருக்கிறான் என்று ஒரு வரைபடம் காட்டினார். நான் பயந்துபோனேன். ஆறே வாரத்தில் அவன் திரையை மூடிவிட்டான், பணம் திரும்ப வரவில்லை. யார் வரைபடத்தோடு வந்தாலும் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

டெக்ஸாஸ்_தேனி
ஜூலை 13, 2025

அந்தத் 'தண்ணீர் கொடுத்து' ரசித்தேன்.

ஒன்று சேர்க்கிறேன் அக்கா, மொழி. சமச்சீர் தமிழ் வழியில் மீ.சி.ம., மீ.பெ.கா., முழுக்கள் என்று படிப்பாள். கணித பிரகாஷ் நான் பார்த்தது ஆங்கிலத்தில். ஒரே விஷயத்துக்கு இரண்டு பெயர் வரும்போது பிள்ளைகள் அதை இரண்டு விஷயம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். என் சின்னவன் 'பின்னம்' என்றால் அம்மா சமையலறையில் சொல்வது, 'ஃப்ராக்ஷன்' என்றால் புத்தகத்தில் வருவது என்று ஒரு வருடம் நம்பிக்கொண்டிருந்தான். ஒரு நோட்டில் இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, ஒரு சின்னப் படம் வரைந்து வையுங்கள். அவள்தான் படம் வரைகிற பெண்ணாயிற்றே.

கணித பிரகாஷை ஏன் மூட வேண்டும்? நானே இங்கிருந்து இறக்கி சின்னவனுக்குக் கொடுத்தேன். எண் விளையாட்டுப் பாடத்தில் கப்ரேகர் வருகிறார் பாருங்கள், மகாராஷ்டிராவின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஒரு நான்கு இலக்க எண்ணை எடுத்து இலக்கங்களை இறங்கு வரிசையில் ஒரு தடவை, ஏறு வரிசையில் ஒரு தடவை எழுதிக் கழிக்க வேண்டும், வந்த விடையோடு மறுபடி அதையே செய்ய வேண்டும். எங்கே ஆரம்பித்தாலும் 6174இல் வந்து நிற்கும். நான்கு இலக்கமும் ஒரே இலக்கமாக மட்டும் இருக்கக் கூடாது. சின்னவன் ஒரு மாலை முழுக்க இருபது எண் போட்டான். சாக்ஸனில் இருபது கழித்தல் கொடுத்திருந்தால் மேசைக்கு அடியில் இருந்திருப்பான்.

பொள்ளாச்சி_அம்மா
ஜூலை 14, 2025

எல்லோருக்கும் நன்றி. இப்படிச் செய்யலாம் என்று இருக்கிறேன்: காலையில் அரை மணி நேரம் தராசும் பின்னமும், சார் சொன்னபடி. மீதி அரை மணி கணித பிரகாஷில் அவளுக்குப் பிடித்த பக்கம் எதுவோ அது. சமச்சீர் ஓரமாக இருக்கட்டும், பின்னம் மூன்றாம் பருவத்தில்தான் வருகிறது என்று பார்த்தேன், அதற்குள் வந்துவிடுவோம். சிங்கப்பூர் புத்தகத்தில் வார்த்தைக் கணக்குகள் மட்டும், வெள்ளிக்கிழமை. ஏ.ஓ.பி.எஸ். அடுத்த வருடம் யோசிக்கிறேன், மதுரை சார் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மதுரை_அப்பா
ஜூலை 14, 2025

கோபமே இல்லை. அடுத்த வருடம் என் பையன் புத்தகத்தையே கூரியரில் அனுப்புகிறேன். ஓரத்தில் எல்லாம் டைனோசர் வரைந்து வைத்திருப்பான், பரவாயில்லையா?

பொள்ளாச்சி_அம்மா
செப்டம்பர் 2, 2025

ஏழு வாரம் ஆகிவிட்டது. எழுதச் சொல்லி இரண்டு பேர் கேட்டீர்கள்.

சமக்குறிக்கு இரண்டு வாரம் ஆகவில்லை, நாலு நாள். தட்டுத்தராசு கடையில் பரணில் கிடந்தது. 9 = 4 + 5 சண்டை நடந்தது சார், அப்படியே நீங்கள் சொன்ன வார்த்தையிலேயே "மாத்தி எழுதியிருக்கு" என்றாள். தராசை இடம் வலமாகத் திருப்பி வைத்துவிட்டு, "இப்போ எடை மாறிடுச்சா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று மாலை சமச்சீர் இரண்டாவது இயலை அவளே எடுத்து வந்தாள்.

தசமத்துக்குத்தான் நான் நினைத்ததைவிட நாளானது. எலெக்ட்ரானிக் தராசில் 0.600 பார்த்துவிட்டு, "ஆறுன்னு எழுதாம ஏன் அறுநூறுன்னு காட்டுது?" என்று கேட்டாள். பத்தில் ஆறு, நூற்றில் அறுபது, ஆயிரத்தில் அறுநூறு என்று மூன்று கட்டங்களை வரைந்து நிழலிட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வெளிச்சத்தில் பார்த்தோம். அது அவளுடைய யோசனை. ஒரு வாரம் கழித்து மறுபடி 0.3, 0.125 கேட்டபோது தப்பு விட்டாள். மறுபடி ஜன்னல். இப்போது பத்துக்கு ஒன்பது சரியாக வருகிறது.

கப்ரேகருக்குத் தன் பிறந்த வருடத்தைப் போட்டாள், 2014. 4210-இலிருந்து 0124 போக 4086. அப்புறம் 8172, 7443, 3996, 6264, 4176, கடைசியில் 6174. ஏழு தடவை. ஏழுக்கு மேல் எந்த எண்ணுக்கும் ஆகாது என்று படித்துவிட்டு, தன் வருடம்தான் இருப்பதிலேயே பிடிவாதமான வருடம் என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பின்னக் கூட்டல் சரியாகிவிட்டது. 2/5-ஐப் பார்த்ததும் "அரையைவிடச் சின்னதாயிடுச்சு, தப்பு" என்று தானே அழித்தாள். வகுத்தலுக்குப் போன வாரம்தான் வந்தோம். ஆழாக்கு எங்கள் வீட்டில் இல்லை. உடுமலையில் அம்மா வீட்டுக்குப் போனபோது கேட்டேன், அம்மா மச்சிலிருந்து படி, உரி, உழக்கு, ஆழாக்கு நான்கையும் இறக்கிப் புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்தார். திண்ணையில் பாயை விரித்து, முக்கால் படி அரிசியை ஆழாக்கால் அளந்தாள். ஆறு. எழுதியும் பார்த்தாள், ஆறு. நான் எழுந்து காபி போடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது பாட்டிக்குக் கேள்வி போட்டுக்கொண்டிருக்கிறாள்: "ஒரு ஆளுக்கு ஒண்ணரை ஆழாக்கு அரிசின்னா, முக்கால் படி எத்தனை பேருக்கு வரும்?" அம்மா, "நாலு பேருக்கு. இதுக்கு எதுக்குடி நோட்டு?" என்றார்.

அந்த நாலு எப்படி வந்தது என்று நோட்டில் படம் போட்டுப் பாட்டிக்கே விளக்கினாள். அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

சார், உங்களுக்கு ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறாள். அரைக்காலை அரைக்காலால் பெருக்கினால் 1/64 என்று போட்டுவிட்டாளாம். அதற்குப் பெயர் இருக்கிறதா, இல்லை அவளே வைத்துக்கொள்ளலாமா?

கணக்கு_வாத்தியார்_ஓய்வு
செப்டம்பர் 2, 2025

இருக்கிறது. பதினாறில் ஒன்று வீசம், அதில் கால் எடுத்தால் கால் வீசம். அதையும் பாதியாக்கினால் என்ன பெயர் வரும் என்று நாளைக்குள் அவளையே சொல்லச் சொல்லுங்கள்.